வலப்பக்கத்து விளக்கு

டைலரம்மாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. வருஷக்கணக்காக அவளிடம் தைக்கக் கொடுப்பவர் வந்தாலும் புதிதாக அளவெடுப்பாள். நிழல் பின்னால் வந்தால்கூட எதற்கு என்று கேட்பாள். அப்படிப்பட்டவளின் வீட்டிலேயே ஒருவர் கள்ளத்தனம் செய்தால் விடுவாளா?

கணவர் லாரி மெக்கானிக். சட்டையில் டீசல் வாடைதான் வரவேண்டும். துவைக்க எடுத்தபோது விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் வாடை வந்தது. கட்டைவிரலில் திரிக்கரி வேறு. கேட்டால், "வேலை ஜாஸ்திம்மா" என்று மழுப்பினார்.

அவளுடைய பயம் வேறு. போருக்குப் போன மகன், போர் முடிந்தும் வரவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லவுமில்லை. அவர்கள் கும்பிடும் கூடத்தில் திரும்பி வரவேண்டியவர்களுக்கு இடப்பக்கம் விளக்கேற்றுவார்கள், இறந்தவர்களுக்கு வலப்பக்கம். வலப்பக்கம் ஏற்றிவிட்டால் முடிந்தது. அதன்பிறகு வாசலைப் பார்த்து உட்காரக் கூடாது, அழுது தீர்த்துவிட வேண்டும். அதைச் செய்யச் சொல்லித்தான் உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். அவள் மசியவில்லை, வாராவாரம் இடப்பக்கம்தான். இந்த மனுஷருக்கு ஏதோ சேதி தெரிந்துவிட்டதோ? தன்னிடம் மூடி மறைத்து, பிள்ளையை வழியனுப்பி வைக்கிறாரோ?

அடுத்த தடவை அவர் கிளம்பியதும் தையலைப் பாதியில் போட்டுவிட்டு அந்தக் கூடம்வரை பின்னாலேயே போனாள். நினைத்தது சரிதான். வலப்பக்கம் குனிந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு எம்புள்ளைய சாகடிச்சீங்க?" விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள்.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "இது நம்ம புள்ளைக்கு இல்லம்மா."

"பின்ன யாருக்கு?"

"அவன் உசுரோட இருந்தான்னா, எதுத்தாப்பல நின்ன எவனையாவது சுட்டுட்டுத்தானே இருப்பான்? அந்தப் பையனுக்கு. அவங்கம்மாவும் எங்கயாவது விளக்கேத்திக்கிட்டுத்தான் இருப்பா."

அவள் விடுவதாக இல்லை. "சேதி ஏதும் வரலையே? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அவர் அவள் தலையில் கைவைத்தார். "சத்தியமா வரல." கையை உடனே எடுத்துக்கொண்டார்.

நம்பினாளா? பாதிதான். அவர் சொன்னது பொய்யென்றால் அது அவள் பிள்ளையின் விளக்கு. நிஜமென்றால் இன்னொருத்தி பெற்ற பிள்ளையுடையது. இரண்டில் எதை அணைப்பது?

கதவு திறந்து காற்று வந்தது. சுடர் படுத்தது. அணைக்க நீட்டிய கையாலேயே அவள் அதை மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.