கிராணி மகனுக்கு முன் சீட் இல்லை

எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களை ஏற்றிப் போகப் பெரிய சாலையில் ஒரு பச்சை பிக்கப் நிற்கும். என் அப்பா கிராணியாகக் கணக்கெழுதிய தோட்ட ஆபீசின் வண்டி அது. செம்பனை மரங்களுக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை பாக்கார் ஆராங் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து ஓட்டுகிறார், அங்கே வேலை செய்த தொழிலாளி ஒருவரின் மகன். குட்டையான மனிதர், முறுக்கு மீசை. வண்டி நின்றால் போதும், தோள் துண்டால் பானட்டைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். பின்னால் ஆட்கள் ஏறும் தகரத் தளத்துக்கு மட்டும் சாயம் பூசவில்லை.

போன வருஷம் வெள்ளை வேட்டியோடு முன் கதவைத் திறந்தேன். அவர் கை வைத்து மூடினார்.

"நீங்க கிராணி மகன்தானே அண்ணே? பின்னால ஏறுங்க."

"சீட்டு காலியாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும்லா. எங்கம்மா பிரசவ வலியோட, கொட்டுற மழையில, இந்தத் தகரத்துலதான் படுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. முன்னால உங்கப்பா உட்கார்ந்திருந்தாரு."

எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போன அப்பாவுக்காக நான் ஏன் பின்னால் ஏற வேண்டும்? ஆனாலும் ஏறினேன். முன் சீட் காலியாகவே போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் தகரம் என் இடுப்பில் இடித்தது.

திரும்பும்போது அவரே முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அண்ணே, போதும்."

அந்தப் 'போதும்' தான் இன்னும் ஆறவில்லை. நான் பின்னால் போய் ஏறிக்கொண்டேன். யார் மேல் கோபம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.