சிலோன் பக்கத்தில் ஆள் இல்லை

பச்சை நிறக் கம்பளிக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். ஊட்டியில் யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் விட்ட சாமான்களோடு அதுவும் வந்திருக்க வேண்டும். துரை நல்ல ஆகிருதியான மனிதர் போலும். எங்கள் தலைவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் உள்ளே இன்னொருவரைக் குடிவைக்கலாம். உலகப் பலசாலிகளை ஒரு குடையின்கீழ் கொண்டுவரப் புறப்பட்ட கழகத்தின் தலைவர், பலமான காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும் உடம்புக்காரர். இது எனக்கு மட்டுமே வேடிக்கையாகத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் அவர் தலைவராகவும் நான் செயலாளராகவும் இருந்தோம்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தபடி கப்பலேறி, கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். நான் குமாஸ்தாவாக இருந்த டீ ஃபேக்டரியில் பெட்டிகளுக்கு முத்திரை குத்தும் வேலை. ஒரு பெட்டியைத் தனியாக அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. நானோ, அப்பிச்சி காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். டீக்கடையில் இங்கிலீஷ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் அதைப் படிப்பதாக அவர் நம்பினார். அந்த ஒரே தகுதியில் 'சர்வதேசச் செயலாளர்' ஆனேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் என் பொறுப்பு.

ஆரம்பத்தில் அது உள்ளூர் விளையாட்டுதான். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முன்னால் உர மூட்டை தூக்குவது, பாறை உருட்டுவது, லாரியை வடம் கட்டி இழுப்பது. சர்வதேசம் பிறந்தது தேவர்சோலையில், ஒரு டீக்கடை வாசலில். போட்டிக்காகப் போயிருந்தோம். பஸ்ஸில் இருந்து இறங்கி வரிசையில் நின்ற எங்கள் ஆட்களைப் பார்த்துக் கடைக்காரர், "சிலோன்காரங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அக்கரையில் இருந்தவரை இவர்களை 'இந்தியாக்காரன்' என்றார்களாம். கடல் தாண்டியதும் சிலோன்காரன். வேறு யாராக இருந்தாலும் மனம் வெந்து போயிருக்கும். தலைவர் கோட்டின் காலரை நிமிர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"செக்ரட்டரி, கேட்டியாய்யா? சிலோன் தனியா நிக்கணுமாம். சரி, நிப்போம். அந்தப் பக்கம் இந்தியா, இந்தப் பக்கம் சிலோன். ரெண்டு நாடு இருந்தா அது என்னா?"

"சண்டைங்க" என்றேன்.

"சர்வதேசம்யா!"

அன்றே அறிவித்தோம். லாரி இழுப்பதற்குப் பதில், இனி இரண்டு நாடும் எதிரெதிராக நின்று வடம் இழுக்கும். கழகத்தின் பொற்காலம் அதிலிருந்து ஆரம்பித்தது. யார் மூட்டை தூக்கினாலும் கொட்டாவி விட்ட ஜனங்கள், இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து தொண்டை வற்றக் கத்தினார்கள். கோத்தகிரி, குன்னூர் என்று எங்கே போட்டி வைத்தாலும் கூட்டம். தெப்பக்காட்டில் இருந்து ஒரு பாகன் இந்தியா அணியில் சேர வந்தார். அவருடைய யானை எந்த நாட்டு அணி என்று கேட்டு ஆட்கள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். இப்போது தொலைக்காட்சியில் உலகப் பலசாலிகளைக் காட்டுகிறார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கொடி. அந்தக் கொடியை யார் யாருக்கு ஒட்டியது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் போட்டியில் அந்தக் கேள்வி வந்தது.

சிலோன் அணியின் சாம்பியன் எங்கள் ஃபேக்டரியில் விறகு அடுக்குபவர். அவர் அணிக்கு வந்தபின் சிலோன் தோற்றதாக எனக்கு ஞாபகமில்லை. "சிலோன்... சாம்பியன்!" என்று நான் இழுத்து அறிவிக்கும்போது மலை எதிரொலிக்கும். அந்த எதிரொலி எங்கெல்லாம் போய் முட்டியது என்று நாங்கள் யோசிக்கவில்லை. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பஸ் ஸ்டாண்டில், முன்பு மறந்துபோயாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட இப்போது பிரியமாக, "வாய்யா சிலோன்" என்றார்கள். அந்தப் பிரியம்தான் மோசம். ஏச்சாக இருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போடலாம்.

உலக இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம், டீக்கடையில் சாம்பியன் வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"தலைவரே, இந்தத் தடவ வடம் இழுக்கையில நான் அங்கிட்டு நிக்கிறேன்."

"எங்கிட்டு?"

"இந்தியா பக்கம்."

தலைவர் சிரித்தார். "நீ அங்கிட்டுப் போனா இங்கிட்டு யாருய்யா இழுக்குறது? செக்ரட்டரியா?"

கடையில் இருந்தவர்கள் என் புஜத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாம்பியன் சிரிக்கவில்லை.

"எம்மவ ராத்திரி கேக்குறா, 'அப்பா, நம்ம ஊருக்கு எப்பப் போவோம்'னு. எந்த ஊருடின்னேன். சிலோனுங்குறா. பள்ளிக்கூடத்துல அப்பிடித்தான் கூப்புடுறாங்களாம். குன்னூர் ஆஸ்பத்திரியில பொறந்த புள்ள, தலைவரே. அது கப்பலக் கண்டுச்சா, கடலக் கண்டுச்சா?"

தலைவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிய பிறகும் ஆற்றினார். "ரெண்டு நாடு இல்லாட்டி சர்வதேசம் எப்பிடிய்யா? போட்டி முடியட்டும், பேசுவோம்" என்றார். சாம்பியன் எழுந்து போய்விட்டார். தலைவருக்கும் வேறு வழி தெரியவில்லை. கோட்டைக் கழற்றினால் அவர் பெட்டிக்கு முத்திரை குத்துகிறவர். போட்டுக்கொண்டால் எஸ்டேட் மேனேஜரே எழுந்து கைகொடுக்கிறார்.

இறுதிப் போட்டி கட்டபெட்டு மைதானத்தில். காலையில் இருந்தே கூட்டம், சாரல், புகைமூட்டம் போல மேகம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டுக்கொண்டு நின்ற ஒரு தாடிக்கார வெள்ளைக்காரரைப் பிடித்து வந்து மாலை போட்டு, 'ஐரோப்பியப் பார்வையாளர்' என்று மேடையில் உட்கார வைத்திருந்தோம். அவர் கடைசிவரை பஸ்ஸைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டையும் பாறையும் முடிந்து, இரண்டு நாடுகளும் சமமாக நின்றன. மிஞ்சியது வடம். மரம் இழுக்கிற தடித்த வடத்தை மைதானத்தின் குறுக்கே போட்டு, நடுவே சுண்ணாம்புக் கோடு. இந்தியா அணிக்குக் கேப்டன், குன்னூர் காய்கறி மண்டியில் மூட்டை சுமப்பவர்.

நான் ஒலிபெருக்கியில் "சிலோன்!" என்று முழங்கினேன். சாம்பியன் வடத்தைக் கீழே போட்டார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, இந்தியா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அப்புறம் சிலோனில் இருந்து இன்னொருவர் போனார். அவர் பின்னால் ஒருவர். காலையில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போவதுபோல, ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் போனார்கள். அந்தப் பக்கம் வடத்தில் பிடிக்க இடமில்லை. வந்தவர்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். கேப்டன் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால், அத்தனை பேரும் திரும்ப வேண்டியதுதான்.

கேப்டன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். "ஏனுங்க, இங்க கயிறு பத்தலைங்களே" என்றார். பிறகு தன் ஆட்களிடம் எரிந்து விழுந்தார்: "என்றா வேடிக்க பாக்கறீங்க? இன்னுங் கொஞ்சம் இழுத்து உடுங்க. அவியளும் புடிக்கோணுமல்ல?"

எங்கள் தலைவர் மேடையில் இருந்து குதித்து ஓடினார். ஆளில்லாத சிலோன் முனையைக் கம்பளிக் கோட்டோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டார். ஒரு நாட்டையே தனியாளாகத் தாங்கும் உத்தேசம். அந்தப் பக்கம் இரண்டு நாடும் சேர்ந்து, இடம் பிடிக்க வடத்தை இழுத்தன. அவர் விடவில்லை. ஈரப்புல்லில் செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே வந்தார். சுண்ணாம்புக் கோடு அவர் கோட்டில் அப்பிக்கொண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

கேப்டன் போய்க் கை கொடுத்தார். "எந்திரிங்க தலைவரே. நம்ம பக்கம் வந்துட்டீங்க."

சர்வதேசக் கழகம் அத்துடன் சரி. வெள்ளைக்காரர், யார் தோற்றது என்று என்னிடம் கேட்டார். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் இல்லாததால் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

அடுத்த கொழுந்து சீசன் ஓய்ந்ததும் தலைவர் புதிதாக ஒரு கழகம் ஆரம்பித்தார். வட்டாரக் கழகம். சர்வதேசத்தில் இருந்து வட்டாரத்துக்கு நானும் இறங்கினேன். வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பதவியிறக்கங்கள். விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். முதல் போட்டியில் சாம்பியன் மூட்டையை நெருங்கும்போது எனக்குக் குழப்பம். பழக்கதோஷத்தில் நாக்கு 'சி' என்று ஆரம்பித்துவிடும் போலிருந்தது. ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "எந்த ஊருன்னு சொல்றதுங்க?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"அவன் மக எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?"

"கட்டபெட்டுங்க."

"அப்ப கட்டபெட்டுன்னு சொல்லுய்யா. இதுக்கு ஒரு செக்ரட்டரி!"

சொன்னேன். வேற்றாள் பேரைக் கேட்டதுபோல் கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.