ஒரு தட்டு, இரண்டு தட்டு

எங்கள் ஒழுங்கையில் அப்பாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. முதலில் பாட்டு வரும், பிறகு லொறி வரும், கடைசியில்தான் அந்த மனுசன் வருவார் என்பார்கள். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கைக்குள் லொறி நுழையாது. சந்தியில், கோயில் மதிலோரமாகத்தான் நிற்கும். ஆனாலும் அது பெரிய தெருவில் திரும்பும்போதே எங்கள் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு அன்ரி யன்னலால் தலையை நீட்டுவார்.

"பிள்ளை, கொப்பர் வாறார். கொம்மாவை உலை வைக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, தனக்குள் சொல்வது போல, ஆனால் ஒழுங்கை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "செவிடனுக்கும் கேக்கும் இந்தப் பாட்டு" என்று ஒரு வால் சேர்ப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் சிரித்ததில்லை. அம்மாவுக்குப் பாட்டு பிடிக்காது போல என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் லொறி ஓடினார். போகும்போது சவர்க்காரமும் மாவும் பிஸ்கட்டும், திரும்பும்போது சின்ன வெங்காயம். யாழ்ப்பாணப் பாதை திறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கிழமைக்கு இரண்டு தரம் போய் வருவார். லொறிக்குள் ஒரு செட், இருக்கைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி, அதில் எப்போதும் செருகியிருக்கும் ஒரு பென் டிரைவ். பழைய பாட்டுகளும் நடுவே நித்திரை கலைக்கத் துள்ளல் பைலாப் பாட்டுகளும். வரிசை மாறவே மாறாது. மற்ற டிரைவர்கள் மைல்கட்டையில் கணக்குச் சொல்லும் தூரத்தை அப்பா பாட்டில் சொல்வார். சிலாபம் முப்பது பாட்டு. புத்தளம் நாற்பத்தைந்து. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நூற்றுப் பத்தும் முடிந்து, அங்கிருந்து முதல் பாட்டு மறுபடி தொடங்கும்.

அம்மாவைப் பற்றியும் ஒழுங்கையில் ஒரு பேச்சு உண்டு. புருசனைத் தொடாமல் ஒரு சொல்லுக் கதைக்க மாட்டா என்பார்கள். உண்மைதான். "தேத்தண்ணி ஊத்தவோ" என்று கேட்பதென்றாலும் கிட்டப் போய், தோளில் கை வைத்து, அவர் முகத்தைத் திருப்பிவிட்டுத்தான் கேட்பார். கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் இப்படி ஒரு பாசமா என்று பெண்டுகள் கேலி செய்யும்போது அம்மா தலையைக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஓகஸ்ட் விடுமுறையில், அப்பா என்னையும் லொறியில் யாழ்ப்பாணம் கூட்டிப்போனார். விடியப்புறம் ஏறினோம். வலப்பக்கம் ஸ்டியரிங்கோடு அப்பா. இடப்பக்கக் கதவோரம் கிளீனர். நடுவில், மடித்த சாக்கின் மேல், நான். கிளீனர் என்றால் சின்னப் பொடியன் இல்லை. மட்டக்குளியில் இருந்து வருகிற சிங்கள மனிதர், அப்பாவை விட மூத்தவர். அப்பா அவரை அண்ணன் முறையில் "அய்யே" என்பார், நான் மாமா என்பேன், அவருக்கு நான் "துவ", மகள். இருபது வருடம் தமிழர் லொறியில் திரிந்ததால் அவர் பேசியது தமிழும் இல்லை சிங்களமும் இல்லை, ஆனால் யாருக்கும் விளங்காமல் போனதில்லை.

லொறி வெளிக்கிட முன்னர் அவர் என்னிடம் ஒரு விளையாட்டுச் சொன்னார்.

"துவ, நான் உன் முழங்கால்ல ஒண்டு தட்டினா, நீ அப்பா தொடையில ஒண்டு தட்டணும். ரெண்டு தட்டினா ரெண்டு. சரியா?"

"ஏன் மாமா?"

"பாட்டுக்குத் தாளம். நீ நடுவில இருந்தா என் கை அப்பாவுக்கு எட்டாதுதானே."

எனக்கு அந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போனது. பாட்டு உச்சத்தில் போகும்போது தட்டாமல், சும்மா இழுபடுகிற இடத்தில் அவர் தட்டுவார். தாளம் தெரியாத மனிதர் என்று மனதுக்குள் சிரித்தேன். நான் ஒன்று தட்டினால் அப்பா உடனே வலப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார், லொறியை ஓரம் கட்டுவார், பின்னால் இருந்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். இரண்டு தட்டினால் மறுபடி நடுப்பாதைக்கு வருவார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் தட்டியதற்கு அந்தச் சிரிப்புத்தான் கூலி.

முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்காமல் போகாது. நாங்களும் நின்றோம். அப்பா கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். மாமாவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "புள்ளையார் எல்லாருக்கும் பொது, லைசன்ஸ் கேக்க மாட்டார்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. எனக்கு ஒரு பை கச்சான் கடலை வாங்கித் தந்தார்கள். ஏறி உட்கார்ந்து லொறி நகர்ந்ததும், முதல் பாட்டு தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கச்சான் பை என் மடியிலிருந்து சரிய, அதைப் பிடிக்கக் குனிந்தேன். என் தலை இடித்து பென் டிரைவ் கழன்று கீழே விழுந்துவிட்டது.

பாட்டு நின்றது. எஞ்சின் சத்தமும் அதிர்வும் மட்டும். அப்பாவிடம் பேச்சு வாங்கப் போகிறேன் என்று கையில் பென் டிரைவோடு ஒடுங்கிப் போனேன்.

அப்பா ஏசவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி பாட்டைத் தொடர்ந்து பாடினார். இடையில் வயலின் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு, சரியான அளவு பொறுத்திருந்து, அடுத்த அடியைப் பிடித்தார். அந்தப் பாட்டு முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, வரிசை பிசகாமல் இரண்டாவது பாட்டுக்குப் போனார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல பாட்டு, என்ன பிள்ளை?" என்றார்.

"ஓம் அப்பா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். சிரித்து விளையாட்டைக் கெடுக்காதே என்று சொல்கிறார் என்று நினைத்து, கச்சானை வாய் நிறையப் போட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் மெதுவாக என் கையிலிருந்து பென் டிரைவை வாங்கி, மூன்றாவது பாட்டு வருகிற கணக்குக்குப் பொறுத்திருந்து செருகி, பட்டனை அமுக்கி அந்தப் பாட்டுக்குத் தள்ளினார். அப்பா பாடிக்கொண்டிருந்த வரியும் செட்டில் வந்த வரியும் இரண்டு சொல்தான் வித்தியாசம்.

அடுத்த நாள் வெங்காயத்தோடு திரும்பும்போது, மாதம்பைக்குக் கிட்ட நான் நித்திரையாகிவிட்டேன். மாமா கத்திய சத்தத்தில்தான் கண் முழித்தேன். அவர் என் மேலாகப் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு முச்சக்கரவண்டியை முந்த அப்பா வலப்பக்கம் எடுத்த அதே நேரம், பின்னால் ஒரு பஸ் முந்த வந்திருக்கிறது. கண்ணாடி கண்ணாடியோடு உரசி, எங்களுடையது உடைந்து தொங்கியது. பஸ் டிரைவர் நிறுத்தி இறங்கி, கண் தெரியாதா, காது கேட்காதா என்று சிங்களத்தில் ஏசினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, சிரித்த முகமாகவே நின்றார்.

பிறகு ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். அப்பாவின் பிளேன்டீ பாதிக்கு மேல் கோப்பைக்கு வெளியே சிந்தியது. சுடுகிறதாக்கும் என்று, நான் வாங்கி ஊதிக் கொடுத்தேன். மாமா என்னை ஏசவில்லை. "துவ, நித்திரை வந்தா சொல்லணும். விளையாட்டில அது ஒண்டுதான் சட்டம்" என்றார். வீடு வரும்வரை கண்ணைக் கசக்கிக் கசக்கி முழித்திருந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முதலாளியின் ஸ்டோருக்கு எல்லாக் குடும்பங்களும் போயிருந்தோம். லொறிகளைக் கழுவி, சந்தனம் பூசி, மாவிலை கட்டி, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்திருந்தார்கள். அப்பாவின் லொறிக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தது. முதலாளி நல்ல மனிதர். தொழிலாளர் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருப்பார். சுண்டல் கோப்பையோடு நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"என்ன டிரைவரம்மா, யாழ்ப்பாணம் போய் வந்தனீங்களாம். அப்பா என்ன மாதிரி ஓட்டினவர்?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு என்ன வேண்டும்? ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்து, சுண்டல் கோப்பையை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, அப்பா மாதிரியே செய்து காட்டினேன். பாட்டு நின்றதும், அவர் நிற்காமல் பாடியதும், வயலினுக்குப் பொறுத்திருந்ததும், "நல்ல பாட்டு, என்ன பிள்ளை" என்றதும். மூட்டை தூக்குகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் அம்மாவையும் மாமாவையும் கண்டேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நன்றாகச் செய்யவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்தேன்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாட்டு நிண்டது அப்பாவுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியேல்லை முதலாளி. ஒரு தட்டுத் தட்டினாத்தான் அவர் கண்ணாடி பாப்பார். ரெண்டு தட்டினா நடுவுக்கு வருவார். நான்தான் தட்டினனான்."

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, கழற்ற மறந்த மாலை மாதிரி. எழுந்து, மெதுவாக லொறியடிக்குப் போனார். அப்பா இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, முன்கண்ணாடிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி அவருக்கு நேர் பின்னால், இரண்டடி தள்ளி நின்றார்.

"டிரைவர்."

அப்பா திரும்பவில்லை.

"டிரைவர், சாவியை ஒருக்காத் தாரும்."

அப்பா சந்தனம் வைத்த பொட்டுக்கு நடுவில் குங்குமம் வைத்தார். அம்மா ஓடிப்போய் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார். முதலாளி, வேண்டாம் தங்கச்சி என்பது போல் கையை உயர்த்தித் தடுத்தார். மூன்றாம் தரமும் கூப்பிட்டார். ஸ்டோருக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அப்பா பொட்டு நேராக இருக்கிறதா என்று தலையைச் சரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, திருப்தியோடு திரும்பினார். திரும்பியபோது நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு யாரும் சத்தம் போடவில்லை. முதலாளி அம்மாவிடம்தான் சொன்னார். "லொறி போனா இன்னொரு லொறி வாங்கலாம் தங்கச்சி. ரோட்டில போற வாற சனத்தை நான் எங்க வாங்க?" அவர் சொன்னது சரி. அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். மாதம்பையில் நடந்தது கண்ணாடியோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். அவர் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஸ்டோரிலேயே வெங்காயம் நிறுக்கிற வேலை கொடுத்தார். தராசுக்குக் காது தேவையில்லை. மாமா இரண்டு மாதம் புது டிரைவரோடு ஓடிவிட்டு, தாளம் சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டார். நிற்க முதல் பென் டிரைவைக் கழற்றி எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அவர் அப்பாவோடு வெகுநேரம் இருந்தார்.

எனக்கு என்ன பிழை நடந்தது என்று விளங்கவில்லை. ஏதோ என் வாயால் வந்தது என்பது மட்டும் தெரிந்தது. ஒரு நாள் அப்பா வாசலில் பனியனோடு உட்கார்ந்திருக்க, பின்னால் போய் நின்று கேட்டேன்.

"அப்பா, நான் பிழையாச் சொன்னனானோ?"

அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு என் மேல் கோபம், இனி என்னோடு கதைக்க மாட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு, பாயில் போய்ப் படுத்து அழுதேன். முன்னால் வந்து கேட்டிருக்கலாம் என்று அந்த ஒன்பது வயதுக்கு யார் சொல்வது?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அம்மா குசினியில். வீட்டு செட்டில் அந்த பென் டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கதிரையில் இருந்து, இடக்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து, வலக்கை விரலால் தொடையில் தாளம் போட்டபடி பாடிக்கொண்டிருந்தார். கோபத்தைத் தீர்க்க இதுதான் நேரம் என்று, அவருக்கு இடப்பக்கம், லொறியில் இருந்த மாதிரியே ஒட்டி உட்கார்ந்தேன். தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அப்பா பாட்டை நிறுத்தினார். தலையைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே சுவரும் ஒரு கலண்டரும்தான் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். நான் இரண்டு தட்டினேன். முன்னால் திரும்பினார். என்னைப் பார்த்து அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார்.

கோபம் தீர்ந்துவிட்டது, விளையாட்டு அவருக்கு இன்னும் பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோசம். மறுபடி ஒரு தட்டு. மறுபடி இரண்டு. ஒவ்வொரு முறையும் அவர் சுவரைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார். ஈரக் கையோடு அம்மா ஓடிவந்து என் விரல்களை இறுக்கிப் பிடிக்கும்வரை நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.