மல்லாவி யோகன் அண்ணையின் ஸ்பூல் மெஷின்

மல்லாவி ரெக்கோடிங் யோகன் அண்ணை போய்விட்டார். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் தகனம்.

செய்தி சொன்ன ஆளிடம் முதலில் "ஐயோ" என்றேன். அடுத்ததாக மனதுக்குள் வந்தது, "அந்த மெஷின் இனி ஆருக்கு?"

திட்டுகிறவர்கள் திட்டுங்கள். எனக்கு அந்த மனிதரில் எரிச்சல். கன வருச எரிச்சல். ஆள் செத்தால் அதுவும் போய்விடும் என்று பார்த்தேன், போகவில்லை.

தெரியாதவர்களுக்கு... நான் ஒட்டுசுட்டானில் சின்னதாக ஒரு ரெக்கோடிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அவர் மல்லாவியில். சண்டை முடிந்து மீளக் குடியேறிய புதிதில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கொழும்புக்குப் போய் ஆளுக்கொரு பழைய ஸ்பூல் மெஷின் வாங்கி வந்தோம். பெரிய வட்டில் டேப் சுற்றுமே, கசற்றுக்கு முந்தின சாமான், அது.

வரும்போது பஸ்ஸில் அந்தப் பாரத்தை மடியிலேயே வைத்திருந்தார்.

"அண்ணை, கீழ வையுங்கோவன். கால் விறைக்கப் போகுது."

"றோட்டைப் பாத்தனியே? கால் விறைச்சா உதறிப்போட்டு நடக்கலாம். இது குலுங்கினா என்ன செய்யிறது?"

என்னுடையது பின் சீட்டுக்குக் கீழே, யாரோ ஒருவரின் அரிசி மூட்டையோடு வந்தது.

என்னுடையதுதான் முதலில் படுத்தது. டேப்பை அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளை வெயிலுக்கு இளகிப் பிசினாகிவிட்டது. கொழும்பில் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். ஒன்லைனில் எடுப்பித்தால் வேறு சைஸ் வருகிறது.

வெற்று டேப்பும் அப்படித்தான். வெளிநாட்டில் டேப் திரும்பவும் ஃபேஷனாம், புதிதாகச் செய்கிறார்களாம். செய்யட்டும்... வன்னிக்கு யார் கொண்டுவந்து தருவது? நான் கொம்பியூட்டருக்கு மாறினேன்.

அவருடையது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது!

"எங்க அண்ணை சாமான் எடுக்கிறியள்?"

"நடக்குது தம்பி, எப்பிடியோ நடக்குது."

அந்த "எப்பிடியோ"வைக் கண்டுபிடிக்க ஜேர்மனியில் இருக்கிற அவருடைய மச்சானுக்குக்கூட மெசேஜ் போட்டேன். அந்தாளுக்கு இவர் ரெக்கோடிங் செய்வதே தெரியாது.

பிறகு முல்லைத்தீவு ஆட்கள்... கரையோர மாதா கோயில் ஒன்றின் பாட்டுக்குழு. கடலுக்குப் போகிறவர்கள், தொண்டை என்றால் தொண்டை. தவக்காலப் பாட்டுப் பதிய வான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என் ஸ்டூடியோ வாசலில் நிற்பாட்டினார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணை, ஒருக்கா பாத்ரூம் பாவிக்கலாமோ? மல்லாவிக்குப் போறம்."

போனார்கள். என் பாத்ரூமைப் பாவித்துவிட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, என்னைக் கடந்து அவரிடம் போனார்கள்.

அந்த ரெக்கோடிங்கைப் பின்னர் கேட்டேன். வயிறு எரிந்தது. அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தார்கள். "டேப் எண்டா டேப்தான். கொம்பியூட்டரில இது வராது" என்று கனடாவில் இருந்து வந்த ஒரு பெடியன் என் முகத்துக்கு நேரே சொன்னான்... நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும்போதே.

நேற்றுப் போனேன். சுடலைக்குப் போய் வந்து, கால் கழுவி, பந்தலில் இருந்தேன். கண் மட்டும் உள்அறையில். மெஷின் அங்கேதான் இருந்தது.

மகள் சுதா பிளேன்டீயோடு வந்தாள். டீச்சராக இருக்கிறாள், லீவு நாளில் தகப்பனுக்கு உதவியும் அவள்தான். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பிள்ளை, குறை நினையாதை. அப்பான்ர மெஷினை என்ன செய்யப் போறியள்?"

"அது பழுதெல்லோ சித்தப்பா. உங்களுக்குத் தெரியாதே?"

"என்ன பழுது? சுத்துறதை நானே பாத்தனான்!"

"சுத்தும். பதியாது. டேப்பில சத்தம் பதியிற ஹெட் தேஞ்சு கன காலம். அப்பா மேசைக்குக் கீழ கிடக்கிற கொம்பியூட்டரிலதான் பதிவார். அதில சுத்துறது எந்த நாளும் ஒரே பழைய டேப்."

பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

"பிறகேன் அதைச் சுத்த விட்டவர்?"

"அது சுத்தாட்டி ஆக்கள் ஒழுங்காப் பாடமாட்டினம் எண்டுவார். கொம்பியூட்டர் எண்டா, பிழைச்சா திருப்பிப் பாடலாம் எண்ட நினைப்பிலயே பாடுவினமாம். டேப் சுத்துறதைக் கண்டா ஒரு பயம் வருமாம்... இந்த ஒருக்காத்தான் எண்டு முழு மனசோட பாடுவினமாம்."

அட, மனுசா!

"இதை பேஸ்புக்கில போடட்டே பிள்ளை?"

"போடுங்கோ. அப்பா ஒளிக்கேல்லை. ஆரும் கேக்கேல்லை, அவ்வளவுதான்." பிறகு உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னாள், "வேணுமெண்டா நீங்கள் கொண்டு போங்கோ. உங்களுக்கு அதில ஆசை எண்டு அப்பா சொல்லுறவர்."

தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

கொண்டு வரவில்லை. நானும் சுற்ற விடலாம்தான். யாராவது சுருதி பிசகினால் "பரவாயில்லை, இன்னொருக்கா எடுப்பம்" என்று என் வாய் சொல்லிவிடும். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையாம். பாடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பாராம்.

ரப்பர் உருளை என்றால் இன்னும் நாலு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். இதை நான் எங்கே போய்க் கேட்பது?

போயிட்டு வாங்கோ யோகன் அண்ணை... உங்களில எனக்கு எரிச்சல் இப்பதான் கூடியிருக்கு.