ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காணி

ஃபோனில் ஒரு தோட்ட விளையாட்டு வைத்திருக்கிறேன். சோளம், கரட் போடலாம். கோழி வளர்க்கலாம். தேயிலை இல்லை. அதனால்தான் பிடித்தது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பஸ்ஸில் போகும்போது விளையாடுவேன். சோளம் முற்ற நேரம் எடுக்கும். பச்சைக் கல் கொடுத்தால் உடனே முற்றும். கல்லைக் காசுக்கு வாங்கலாம். வாங்காதவர்களுக்குத் தினம் ஒரு கல் சும்மா கிடைக்கும். விளையாட்டைத் திறந்தால் போதும்.

பன்விலவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தார். மலைக்குப் போனால்தான் கங்காணியிடம் பேர் விழும், பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். நானும் கொஞ்ச காலம் பறித்தேன். அந்தப் பழக்கம் போகவில்லை. காய்ச்சல் வந்த அன்றும் ஃபோனைத் திறந்து பேர் போட்டேன். "கங்காணி வந்துட்டாரா புள்ள?" என்பார் வீட்டுக்காரர்.

கல்லைச் சோளத்துக்குச் செலவழிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காணி பூட்டிக் கிடந்தது. கல் கொடுத்தால் மட்டும் திறக்கும். அதற்காகச் சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காணி இருந்ததில்லை. அம்மா இருந்த லயத்து அறை தோட்டத்துடையது. இப்போது நாங்கள் இருக்கும் மஹய்யாவ வீடு மாநகர சபையுடையது. இது விளையாட்டுக் காணிதான். ஆனாலும் பேர் போட்டே வாங்கவேண்டும் என்று இருந்தேன். பாதிக்கு மேல் சேர்ந்திருந்தது.

வீட்டுக்காரர் மாநகர சபையில் ரோடு கூட்டுகிறவர். சம்பளத்தன்று ஃபோனுக்குக் காசு ரீலோட் போட்டு, இன்னும் தேவைப்பட்ட கல்லை வாங்கி, எனக்குச் சொல்லாமல் காணியைத் திறந்துவிட்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தா, ஒன் காணி. உறுதிப் பத்திரந்தான் இல்ல."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

புதுக் காணியில் பயிர் முற்ற இன்னும் கூட நேரம் எடுக்கும் என்று காட்டியது. கிணறு வெட்டக் கல் கேட்டது. வேலிக்கும் கல். காசு கொடுத்தால் காத்திருக்கத் தேவையில்லை என்றுதான் அவர் நினைத்தார். கொடுத்த பிறகு காத்திருப்பது கூடிவிட்டது.

அடுத்த சம்பளத்தில் கிணற்றுக்கு ரீலோட் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒன்றும் நடாமல் கிடக்கிறதே, பிறகு எதற்கு வாங்கினோம் என்றார்.

"கெடக்கட்டுங்க. தோட்டத்துல ஒரு முழம் சும்மா கெடக்க விட்டிருப்பாங்களா? இது நம்ம காணிதானே."

ஃபோனை வாங்கிக் காணியை ஓரம்வரை தள்ளிப் பார்த்தார். அதுவும் சரிதான் என்றார்.

இப்போது அங்கே புல் வளர்ந்திருக்கிறது. புல்லை வெட்டவும் கல் கேட்கிறது. நேற்று பேர் போட மறந்துபோனேன். ஒன்றும் ஆகவில்லை.