அம்மா முன்னால் நடந்த மலை

போன சனிக்கிழமை ஓல்போர்க்கிலிருந்து ரண்டர்ஸுக்கு, அப்பா அம்மாவைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கரவன். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் அந்தச் சின்ன வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யூலை பிறந்தால் டென்மார்க்கில் பாதிச் சனம் அதற்குள்தான் படுத்தெழும்பும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. கரவனின் வால் இடமும் வலமுமாக ஒருமுறை ஆடியது. அவ்வளவுதான், என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. முந்திப் போக நல்ல இடம் இருந்தும், ரண்டர்ஸ் வரும்வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். பொறியியல் படித்தவள், காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள், ஒரு பெட்டிக்குப் பயந்து ஊர்கிறாளே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு கோடையில் கரவன் வந்தது. அப்பாவுடன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு டெனிஷ்காரர் இரவல் தந்தார். கதவைத் திறந்ததும் அடித்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது: ஈர மெத்தை, காஸ், பழைய கோப்பி. ஒரே நாளில் அம்மா அதைக் கருவாடும் மிளகாய்த்தூளுமாக மாற்றிவிட்டார். மடு மாதாவின் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டி, நாலு மூலைக்கும் தீர்த்தம் தெளித்தார். திருப்பிக் கொடுத்த பிறகு அந்த மனிதர் கருவாட்டு மணத்துடன் எத்தனை வருடம் விடுமுறை போனாரோ, தெரியாது.

கப்பலில் நோர்வேக்குப் போய், பனிமலை பார்ப்பதாகத் திட்டம். அங்கே றோட்டு மலையின் இடுப்பைச் சுற்றிப் போட்ட நூல் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. மன்னார்க் கடலில் இருட்டில் படகோட்டியவர் அப்பா. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் மொழியெல்லாம் வெளுத்திருந்தது.

"மெல்லப் போங்கோவன், பின்னுக்கு வீடு வருது," என்றார் அம்மா.

"வீடு வராமல் என்ன செய்யும்? நான்தானே இழுக்கிறன். நீர் கண்ணை மூடிக்கொண்டு செபமாலையைச் சொல்லும்."

"கண்ணை மூடினா ஆர் றோட்டைப் பாக்கிறது?"

தம்பியும் நானும் பின் சீற்றில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு, அவன் இரண்டாம் வகுப்பு. சாதாரணமாக ஒருவரை ஒருவர் கிள்ளுகிறவர்கள் நாங்கள்.

பனியாற்றின் அடிவாரத்தில் ஒரு கம்பிங் இடம் இருந்தது. மேலே இரண்டு மலைகளுக்கு நடுவில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய நாக்கு தொங்கியது. அப்பாவுக்கு நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. "நான் வீட்டைக் காவல் காக்கிறன். நீங்கள் போய் ஐஸைத் தொட்டுப்போட்டு வாங்கோ," என்று கதவடியில் கதிரையைப் போட்டுச் சாய்ந்துவிட்டார்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு போர்ட் இருந்தது. நோர்வே எழுத்து டெனிஷ் எழுத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். எனக்கு நன்றாக விளங்கியது. கற்களில் சிவப்பால் அடையாளம் இட்டிருக்கிறது, அதை விட்டு விலகாமல் நடக்கவும் என்று, கோவிலில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்தேன். அப்பா சின்ன வயதிலேயே கடலுக்குப் போனவர். அம்மாவின் பள்ளிக்கூடம் ஒவ்வொரு இடம்பெயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து போனது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக வகுப்பேறிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அப்போதே நிறைய இருந்தது, இப்போதும் குறையவில்லை. அம்மா போர்ட்டைப் பார்க்கவில்லை. தம்பியின் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கன தூரம் ஏறிய பிறகுதான் அவர் அதைக் கண்டார். ஒரு கல்லில் பளீரென்று சிவப்புப் பெயின்ற். எங்கள் இருவரின் சட்டைக் கழுத்தையும் பிடித்து இழுத்தார்.

"நில்லுங்கோ. காலை எடுக்காதேங்கோ."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நாங்கள் ஊருக்குப் போனபோது, மடுக் கோவிலுக்குப் போகும் றோட்டின் இரண்டு பக்கமும் சிவப்புத் தலை வைத்த தடிகள் நட்டிருந்தார்கள். கண்ணிவெடி. கிண்டித் துப்புரவாக்கிய இடத்தில் வெள்ளை அடையாளம். அங்கே எனக்கு ஒன்றுக்கு வந்தபோதுகூட அம்மா என்னை றோட்டு நடுவில்தான் இருத்தினார்.

"அம்மா, இது பாதை காட்டுற சிவப்பு. போர்ட்டிலை போட்டிருக்கு. நான் வாசிச்சனான்."

"நீ வாசிச்சது போர்ட்டை. நான் பாத்தது சனத்தின்ரை அறுந்த காலை."

தம்பி டெனிஷில் கேட்டான், நோர்வேயில் எப்படி வெடி இருக்கும் என்று. "ஊரிலையும் முந்தி இல்லைத்தான்," என்றார் அம்மா. திரும்பிப் பார்த்தார். வந்த வழியிலும் கற்கள் சிவப்பாக இருந்தன. தெரியாமல் அதற்கு நடுவாலேயே ஏறி வந்திருக்கிறோம் என்று அவருக்குப் பட்டது. அவருடைய முகம் அப்படிச் சாம்பலானதை நான் அதற்கு முன் கண்டதில்லை. இடது பக்கம் சுத்தமான வெண்பனிச் சரிவு ஒன்று கீழே போனது. அதன் முடிவில் எங்கள் கரவன் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது.

"வெள்ளையாலை இறங்குவம்," என்றார்.

நான் அழுது கத்தினேன். அவர் என் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூட்டம் வந்து கரவனை மறைத்தது, பிறகு மலையை மறைத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே, பனிக்குள்ளே, தண்ணீர் இரைந்து ஓடும் சத்தம். அம்மா கையிலிருந்த குடையால் குத்திப் பார்த்தார். குடை பிடிவரைக்கும் இறங்கியது. நாங்கள் நின்றது நிலத்தில் அல்ல, ஓடும் ஆற்றுக்கு மேல் போட்ட ஒரு பனிமூடியில். இழுத்த குடையுடன் ஒரு துண்டுப் பனியும் பெயர்ந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வர நேரம் எடுத்தது. அடுத்த கணம் தம்பியின் ஒரு கால் தொடைவரை புதைந்தது. அவன் முதன்முதலாகத் தமிழில் கத்தினான்: "அம்மா!"

அம்மாவும் நானும் சேர்ந்து அவனை இழுத்தெடுத்தோம். பாதை சரிவின் ஓரத்தை ஒட்டித்தான் வளைந்து இறங்கியிருக்க வேண்டும். எட்டி வைத்தால் ஏறக்கூடிய தூரத்தில் ஒரு கரும் பாறை நின்றது. அதன் தலையில் சிவப்பு.

"அதிலை ஏறுங்கோ அம்மா!" என்றேன். அவர் சிவப்பைப் பார்த்தார், பனியில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு எங்களை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"நான் முதல் போறன். நீங்கள் அசையாதேங்கோ. வெடிச்சா எனக்குக் கிட்ட வரக்கூடாது. அப்பாவைக் கூப்பிடுங்கோ. விளங்குதோ?"

சிலுவை அடையாளம் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, முழுப் பாரத்தையும் கொடுத்து, இரண்டு காலாலும் அந்தச் சிவப்பில் ஏறினார்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து காலடியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "வாங்கோ."

அதோடு நம்பிவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஒரு கல் வெடிக்காவிட்டால் அடுத்த கல்லும் வெடிக்காது என்று ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே வரும்வரை ஒவ்வொரு சிவப்புக்கும் எங்களை நிறுத்திவிட்டு, தானே முதலில் மிதித்தார். ஒவ்வொரு முறையும் சிலுவை அடையாளம். ஒவ்வொரு முறையும் நான் காதைப் பொத்தினேன். போர்ட்டை வாசித்தவளும் நான்தான்.

அப்பா தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். "என்ன, ஐஸைத் தொட்டனீங்களோ?"

"தொட்டம்," என்றார் அம்மா.

தம்பி போன வருடம் தன் தோழியுடன் அதே பள்ளத்தாக்குக்குப் போய்ப் படம் அனுப்பியிருந்தான். பனியாறு மலைமேல் எங்கேயோ ஏறி ஒளிந்துவிட்டது. சரிவு இருந்த இடத்தில் வெறும் மண்ணிறப் பாறையும் ஒரு குளமும். அம்மா போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது வேறை இடம்," என்று திருப்பித் தந்துவிட்டார்.

எனக்குப் பனி போனதைவிட இன்னொன்று போனதுதான் பயம். அந்த மலையிலிருந்து இறங்கிய பிறகு அம்மா எங்களுக்கு முன்னால் நடப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகமோ விமான நிலையமோ, வாசலில் நின்றுவிடுவார். "நீ முதல் போ பிள்ளை, நீ வாசிப்பாய்." முதலில் எனக்கு அது பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

இந்த மாசியில் அவருக்கு நெஞ்சில் ஏதோ கட்டி என்று ஸ்கான் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நல்ல வேளை, பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அந்த நீளமான வெள்ளை நடைவழியில் கதவுகளுக்கு மேலே இருந்ததையெல்லாம் என்னால் வாசிக்க முடிந்தது. அம்மா என் ஜக்கெற்றின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நான் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்தார். முன்னால் ஒருவரும் இல்லை.