குளத்து மருந்தும் குலைநடுக்கமும்

ஊரெல்லாம் தண்ணீர் இல்லையே என்று பயப்படும்; இருக்கிற தண்ணீரைக் கண்டு பயப்படுகிற தொழில் என்னுடையது. புதுக்கோட்டை மாவட்டத்தில் நீச்சல் குளமா என்று சிரிக்காதீர்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வீடு கட்டுகிறவர்களில் சிலர் இப்போது கொல்லையில் குளமும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டித் தண்ணீர் நிரப்பிய பிறகுதான், அதற்கு வாரம் தவறாமல் மருந்து போட ஒரு ஆள் வேண்டும் என்பது தெரிகிறது. அந்த ஆள் நான். பெயர் முத்துக்குமார், இருப்பு திருக்கோகர்ணம்.

ஆசிட் கேனைத் திறக்கும்போதெல்லாம் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளும் சக தொழிலாளிகளுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிஹெச் என்பது தண்ணீரின் கோபம், அல்கலினிட்டி என்பது அதன் பொறுமை. கோபம் ஏறினால் தண்ணீர் கலங்கும், ரொம்ப இறங்கினால் கண் எரியும். பொறுமை தேவையான அளவுக்கு இருந்துவிட்டால் கோபம் ஒரு நிதானத்தில் நிற்கும். கோபத்தை இறக்க ஆசிட், பொறுமையை ஏற்ற ஆப்பசோடா, கிருமியைக் கொல்ல குளோரின் பவுடர். இதில் ஆசிட்டும் பவுடரும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. சந்தித்தால் கிளம்புகிற புகை ஆளைக் கொன்றுவிடும். அந்த இரண்டு பேரையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பாதி.

சுவர் பேசியது

கறம்பக்குடியில் ஷேக் பாய் வீட்டுக்கு முதல் தடவை போன அன்று, குளத்துக்கு அந்தப் பக்கம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் ரிஃபா, பாயின் ஒரே மகள். அவளுக்கு வீசிங். நீச்சல் பழகினால் நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் பாய் இந்தக் குளத்தையே கட்டினாராம். ஆனால் மருந்து நெடி மட்டும் அவளுக்கு ஏறக் கூடாது என்றும் அதே டாக்டர் சொல்லியிருந்தார். இதைப் பாயின் மனைவி மும்தாஜ் சொல்லி முடிப்பதற்குள், கொண்டுபோயிருந்த கேன் மூடிகளை எல்லாம் இன்னொரு தடவை இறுக்கிவிட்டேன்.

பிள்ளையை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அதில் ஆசிட்டை ஊற்றத் தொடங்கினேன். தலைக்கு மேலேயிருந்து கணீரென்று ஒரு ஆண் குரல், "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நின்னு ஊத்துங்க தம்பி" என்றது. அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கேனைக் கீழே போடாமல் நான் எப்படிப் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மோட்டார் ரூம் கதவுக்கு மேலே ஒரு கேமரா, அதற்குள்ளேயே ஒரு ஸ்பீக்கர். என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குரலே சமாதானமும் சொன்னது. "பயப்படாதீங்க தம்பி, நான் ஷேக்குதான், தோஹாலேர்ந்து பேசுறேன்."

சிவந்த தண்ணீர்

அதே மாதம் எங்கள் திருக்கோகர்ணத்திலேயே ஒரு புது வீடு. காலையில் பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். "உடனே வாங்க, குளத்துல ரத்தம்" என்று அந்த வீட்டு சரஸ்வதி அம்மா போனில் சொன்னார். போய் எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு ஓரமாகத் தண்ணீர் செக்கச்செவேலென்று பரவிக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நான் முதலில் செய்த காரியம், வாசல் வரை ஓடியதுதான்.

மூச்சு வாங்கிக்கொண்டு விசாரித்த பிறகுதான் கதை வெளியே வந்தது. நல்ல காரியமாயிற்றே என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைப் படியில் ஊற்றியிருக்கிறார்கள். புதுச் சிமெண்ட் தொட்டி. அது கக்கிய சுண்ணாம்பில் தண்ணீரின் பிஹெச் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதேதான். ஆசிட்டை வாளித் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட, சிவப்பு பழைய மஞ்சளுக்கே திரும்பிவிட்டது. இது காவு கேட்கிற குளம் இல்லை, பயம் வேண்டாம் என்று விளக்கினேன். சரஸ்வதி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க, ஆனா கெடாவுக்குச் சொல்லியாச்சு, சொந்தக்காரங்களும் கெளம்பிட்டாங்க, இனிமே எப்புடி நிறுத்துறது?"

இருமல்

கறம்பக்குடிக்குத் திரும்புகிறேன். ரிஃபா நீந்தக் கற்றுக்கொண்டதை நான் ஒரு நாளும் நிம்மதியாகப் பார்த்ததில்லை. அவள் தண்ணீருக்குள் போனால் என் மூச்சு நிற்கும். வெளியே வந்து இருமினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நீந்தி முடித்ததும் ஈரத்தோடு கேமராவுக்குக் கீழே ஓடிப் போய் அண்ணாந்து நின்றுகொள்வாள். "அத்தா, பாத்தீங்களா?" என்பாள். "பாத்தேம்மா, பாத்தேன்" என்று சுவர் பதில் சொல்லும். அப்பனும் மகளும் பேசிக்கொள்கிற இடம் அந்த மோட்டார் ரூம் வாசல்தான்.

ஒரு நாள் நான் போனபோது பிள்ளை வீட்டுக்குள் முகத்தில் மூடி வைத்து நெபுலைசர் மெஷினில் மருந்துப் புகை இழுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் என்னென்ன போட்டேன், எவ்வளவு போட்டேன் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். குளத்துத் தண்ணீரை ஒன்றுக்கு மூன்று தடவை சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் பார்த்தால், முதல் நாள் பக்கத்து வீட்டில் வெள்ளையடித்த தூசி. வியர்த்து விறுவிறுத்து நின்ற என்னைப் பார்த்து மும்தாஜ் சொன்னார்: "அந்த மெஷினைப் புள்ளைக்கிட்டேருந்து வாங்கித் தரட்டுமாண்ணே? ஒங்களுக்குத்தான் இப்ப மூச்சு நிக்கும்போல இருக்கு."

பொறுமை இழந்த குளம்

ஐப்பசியில் விடாமல் மழை. குளம் நிரம்பி வழிந்து, மேலும் மேலும் மழைத் தண்ணீரே அதில் சேர்ந்தது. மழைத் தண்ணீருக்குப் பொறுமை என்பதே கிடையாது. அல்கலினிட்டி அடிமட்டத்துக்குப் போய், பிஹெச் ஆட்டம் போட ஆரம்பித்தது. காலையில் ஒன்று காட்டும், மத்தியானம் வேறொன்று காட்டும். மழை விட்ட அன்று, யாரும் சொல்வதற்குள் ரிஃபா குதித்துவிட்டாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிட்டது. தோஹாவில் ட்யூட்டியில் இருந்த பாய் போனில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: கண்ணோடு போச்சா, மூச்சுக்கும் வருமா? வராது என்று நான் சொன்ன குரலை நானே நம்பவில்லை.

கையில் இருந்த ஆப்பசோடா பத்தாது. கறம்பக்குடி கடைத்தெருவுக்கு ஓடினேன். ஒவ்வொரு மளிகைக் கடையாக ஏறி, இருக்கிற பாக்கெட்டையெல்லாம் கொடுங்கள் என்றேன். என் முகத்தில் இருந்த கலவரத்தைப் பார்த்து எல்லாரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிக் கடைக்காரர் மட்டும் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கறையோடுதான் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க, வீட்ல எல்லாருக்குமே வாய்வுங்களா?"

நாளைக்குப் பெருநாள்

நம் ஊரில் நாளைக்குப் பெருநாள் என்றால், அநேகமாக அரபு நாட்டில் அது இன்றைக்கே வந்துவிடும். அங்கே ஒரு நாள் முன்னதாகவே பிறை தெரிந்துவிடுகிறது. அதனால் அந்த நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், தோஹாவில் ஷேக் பாய் தொழுகை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, வேலை ஒன்றும் இல்லாமல் கேமராவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். இங்கே வீடு முழுக்க விருந்தாளிகள் வரப்போகிற பரபரப்பு. குளம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மும்தாஜின் தம்பி காதர் நின்றுகொண்டிருந்தார். நான் வந்துகொண்டே இருக்கிறேன், வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று காதரிடம் போனில் சொல்லியிருந்தேன்.

ஆனால் சுவர் வேறு சொல்லியிருக்கிறது. "அவரு எப்ப வந்து எப்ப ஊத்துறது? ரெண்டும் ஒரே தண்ணிக்குத்தானே மாப்ள போகுது? ஒரே வாளில கலந்து வச்சிரு." அக்கா வீட்டுக்காரர் சொல்லைக் காதர் தட்டியதே இல்லை. பவுடர் இருந்த வாளியில் ஆசிட்டைச் சாய்த்துவிட்டார்.

நான் கேட்டைத் திறந்தபோது காதர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமிலிருந்து தவழ்ந்து வந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையுமாகப் புகை. அந்தப் புகை மேலே போகாது. காற்றைவிடக் கனம், தரையோடுதான் ஊரும். பெரியவர்களின் இடுப்பு உயரம். எட்டு வயதுப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே. அப்போதுதான் பார்த்தேன். கொல்லையின் அந்தக் கோடியில், சப்போட்டா மரத்தடியில், மருதாணி கலைந்துவிடாமல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி ரிஃபா நின்றுகொண்டிருந்தாள்.

"ரிஃபா! ஓடும்மா! ரிஃபா, ஓடு!" என்று கதவுக்கு மேலேயிருந்து பாய் அலறினார். அவளுக்குக் கேட்டது அத்தாவின் குரல் ஒன்றுதான். அத்தா கூப்பிட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நேரே மோட்டார் ரூமைப் பார்த்து வர ஆரம்பித்தாள். அவர் சத்தம் கூடக் கூட, அவளும் வேகமாக வந்தாள். அவரிடம் நான் ஒரு நாளும் குரல் உயர்த்தியவன் இல்லை. "பாய், வாய மூடுங்க! ஒங்க சத்தத்துக்குத்தான் புள்ள வருது!" என்று கத்தினேன்.

சட்டென்று குரல் நின்றது. பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டாள். "அத்தா?" என்றாள். பதில் இல்லை. "அத்தா, போய்ட்டீங்களா?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, என் கால்கள் கேட் பக்கம்தான் திரும்பின. அப்போது அவள் ஒரு தடவை இருமினாள். அதைக் கேட்ட பிறகு கால்கள் என் பேச்சைக் கேட்டன. குளத்தைச் சுற்றி ஓடி, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, காற்று வருகிற திசை பார்த்துப் பின்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து விழுந்தேன். மும்தாஜ் இன்ஹேலரோடு ஓடி வந்தார். பிள்ளைக்கு மூச்சு சீராகும்வரை என் சட்டையில் அப்பியிருந்த மருதாணியைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூம் வாசலிலேயே சுருண்டு விழுந்திருந்த காதரை நாலு பேர் ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய் வெளியே இழுத்துவந்தார்கள். அவர் பெருநாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தார், மற்றபடி பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் பாய் கூப்பிட்டார். மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பிறகு சொன்னார்: "எம் புள்ள 'அத்தா, அத்தா'ன்னு கூப்புட்டுக்கிட்டே நிக்கிது தம்பி, நான் இங்கிட்டு ரெண்டு கையாலயும் என் வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

நீச்சலே தெரியாத நான் இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் மூழ்காமல் நிற்பது பயத்தின் புண்ணியத்தில்தான் என்பதால், எனக்குத் தைரியம் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வாசலோடு திரும்பிவிடவும்.